பந்து ஆடுகிற பிள்ளைக்கு எந்த வெயிட்?

உடற்கல்வி ஆசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவனுக்குப் பென்ஷன் மாதம் ஒரு முறைதான் வரும். கேள்விகள் தினமும் வரும். கச்சபேஸ்வரர் கோயில் வாசலிலோ, காய்கறிக் கடையிலோ, யாராவது ஒரு பழைய மாணவன் ஸ்கூட்டரை ஓரம் கட்டிவிட்டு, "சார், நல்லா இருக்கீங்களா?" என்று ஆரம்பிப்பான். அடுத்த வாக்கியம் அவன் பிள்ளையைப் பற்றியதாக இருக்கும். சமீப காலமாக அதிகம் வரும் கேள்வி இது: "சார், பையன் ஃபுட்பால் ஆடறான். ஜிம்முக்குப் போகணும்னு ஒத்தக்கால்ல நிக்கறான். அனுப்பலாமா? முதுகு கிதுகு போயிடாதே?"

தெருவில் நின்றுகொண்டு முழு பதில் சொல்ல முடிவதில்லை. அதனால் உட்கார்ந்து எழுதுகிறேன்.

என் பதில் சுருக்கமானது. தாராளமாக அனுப்புங்கள். ஆனால், ஜிம்மில் இருக்கிற எல்லாவற்றையும் அவன் தூக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு பயிற்சியையும் பார்த்து, "இது மைதானத்தில் என் காலுக்கு என்ன செய்யும்?" என்று அவன் கேட்க வேண்டும். பதில் இல்லாத பயிற்சியை விட்டுவிட வேண்டும். எத்தனை கிலோ தூக்கினான் என்பதைவிட, வருஷத்தில் எத்தனை நாள் அடிபடாமல் மைதானத்தில் நின்றான் என்பதுதான் கால்பந்து ஆடுகிறவனுக்குக் கணக்கு.

இந்த விஷயத்தில் ஊரில் இரண்டு கட்சி உண்டு. பெரியவர்கள் கட்சி, "சின்ன வயசுல எடை தூக்கினா வளர்த்தி நின்னுடும், உடம்பு இறுகி ஓட முடியாது" என்று சொல்லும். பையன்கள் கட்சி, "எவ்வளவு வெயிட்டோ அவ்வளவு பவர்" என்று சொல்லும். இரண்டுமே சரியில்லை.

வளர்த்தி நின்றுவிடும் என்பதற்கு ஆதாரம் கிடையாது. அமெரிக்கக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் இதை ஆராய்ந்து, தகுந்த மேற்பார்வையில், முறையாகச் செய்யும் எடைப் பயிற்சி பிள்ளைகளின் உயரத்தைப் பாதிப்பதில்லை என்று தெளிவாகச் சொல்லியிருக்கிறது. ஆபத்து வருவது மேற்பார்வை இல்லாமல், கூட இருக்கிறவனோடு பந்தயம் கட்டித் தூக்கும்போதுதான். உடம்பு இறுகி வேகம் குறையும் என்பதும் தலைகீழ். 2004-இல் நார்வேயில் உயர்மட்டக் கால்பந்து வீரர்களைச் சோதித்தபோது, ஸ்குவாட்டில் (நம் பஸ்கிதான், தோளில் பாரத்தோடு) அதிக எடை எடுக்க முடிந்தவர்களே பத்து மீட்டரை வேகமாக ஓடினார்கள், உயரமாகவும் குதித்தார்கள். காலில் பலம் இருப்பவன்தான் வேகமாகக் கிளம்ப முடியும்.

அப்படியானால் பையன்கள் கட்சி ஜெயித்ததா? இல்லை. அதற்கு வேலூரைப் பார்க்க வேண்டும்.

இங்கிருந்து பஸ் ஏறினால் எட்டிவிடும் ஊர்தான். அந்த ஊர்க்காரர் சதீஷ் சிவலிங்கம் 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் 77 கிலோ பிரிவில் ஸ்நாட்ச் 149 கிலோ, கிளீன் அண்ட் ஜெர்க் 179 கிலோ, மொத்தம் 328 கிலோ தூக்கித் தங்கம் வாங்கினார். 2018-இல் கோல்ட் கோஸ்டில் மறுபடியும் தங்கம். நமக்கெல்லாம் பெருமை. ஆனால் அவர் எழுதிய பரீட்சையில் கேள்வியே கிலோதான். பார்பெல்லைத் தலைக்கு மேல் தூக்கி நிறுத்திவிட்டால் பாஸ். கால்பந்து வீரனுக்கு ஜிம் என்பது டியூஷன் மாதிரி. பரீட்சை வேறு இடத்தில், புல்லிலும் மண்ணிலும், தொண்ணூறு நிமிஷம். டியூஷனில் வாங்கிய மார்க்கை யாரும் கேட்கப் போவதில்லை.

ஸ்நாட்ச், கிளீன் இரண்டும் நல்ல பயிற்சிகள்தான். வெடித்து எழும் வேகத்தைக் கொடுக்கும். வெளிநாட்டுப் பெரிய கிளப்புகளில் அவற்றின் சில வகைகளைச் செய்கிறார்கள். ஆனால் அந்த வித்தையைச் சரியாகக் கற்கவே மாதக்கணக்கில் ஆகும். பக்கத்திலேயே நின்று திருத்தத் தெரிந்த ஆள் வேண்டும். செல்போனில் வீடியோ பார்த்துக் கற்கும் சமாசாரம் இல்லை அது. அப்படி ஒரு பயிற்சியாளர் உங்கள் ஊரில் இருந்தால் செய்யுங்கள். இல்லாவிட்டால், நின்ற இடத்தில் குதித்து மெத்தென்று இறங்கும் பயிற்சியே பள்ளிப் பிள்ளைக்குப் போதும். அதில் தலைமேல் விழ எதுவும் இல்லை.

சரி, மைதானம் என்ன கேட்கிறது? ஒரு ஆட்டத்தை உட்கார்ந்து பாருங்கள். ஆடுகிறவன் பெரும்பாலும் ஒற்றைக் காலில்தான் இருக்கிறான். ஓடும்போதும், உதைக்கும்போதும், திரும்பும்போதும், ஹெட் அடித்து இறங்கும்போதும் உடம்பின் முழு பாரமும் ஒரு காலில்தான். இதைப் புரிந்துகொண்டால் பாதித் தேர்வு முடிந்துவிடும்.

நம் ஊர் வைகாசி கருடசேவையில் சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வரதரைத் தோளில் சுமந்து பெரிய காஞ்சிபுரம் வரை வருகிறார்களே, அந்த ஸ்ரீபாதம்தாங்கிகளைக் கவனித்திருக்கிறீர்களா? தண்டைத் தோளில் வாங்கும்போது காலால்தான் எழுவார்கள். இடுப்பும் தொடையும்தான் அவர்கள் முதல். அந்த பலம் அந்த வேலைக்கென்றே வளர்ந்தது. இரண்டு காலும் தரையில் நிதானமாகப் பாவ வேண்டிய வேலை அது. கால்பந்துக்காரனின் வேலை வேறு. அதனால் அவன் பயிற்சியும் வேறாகத்தான் இருக்க வேண்டும்.

முதலில் பின்தொடை. ஓடிக்கொண்டே இருப்பவன் திடீரென்று தொடையின் பின்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு நொண்டுவான். நம் ஊரில் "நரம்பு பிடிச்சிக்கிச்சு" என்பார்கள். நரம்பு இல்லை, தசை கிழிந்திருக்கிறது. ஐரோப்பாவின் பெரிய கிளப்புகளில் இருபது வருஷத்துக்கு மேல் எடுத்த கணக்கில், 2001-02 சீசனில் மொத்தக் காயங்களில் 12 சதவீதமாக இருந்த இந்தக் காயம் 2021-22 சீசனில் 24 சதவீதமாகிவிட்டது. ஆட்டத்தின் வேகம் கூடக்கூடப் பின்தொடைக்குத்தான் அடி.

நான் வேலையில் இருந்தபோது பிள்ளையார்பாளையத்திலிருந்து ஒரு பையன் வந்தான். நெசவுக் குடும்பம். இடது ஓரத்தில் ஆடுவான், காற்று மாதிரி ஓடுவான். பதினொன்றாம் வகுப்பில் ஒரு ஜிம்மில் சேர்ந்தான். நான்கு மாதத்தில் சட்டை தைக்கிற டெய்லர் மாற்றி அளவெடுக்கும்படி மார்பும் கையும் வந்துவிட்டது. "சார், பெஞ்ச் பிரஸ் அறுபது கிலோ அடிச்சேன்" என்று பெருமையாகச் சொன்னான். "பின்தொடைக்கு என்னடா செய்யறே?" என்றேன். "அதுக்குத் தனியா என்ன சார் இருக்கு?" என்றான். இருக்கிறது என்று செய்து காட்டினேன். கூட ஆடுகிற பையன்கள் சிரிக்கிறார்கள் என்று இரண்டு வாரத்தில் விட்டுவிட்டான். மண்டலப் போட்டியில், யாரும் தொடாமலே, ஓட்டத்தின் நடுவில் உட்கார்ந்துவிட்டான். மாவட்ட அணித் தேர்வு அடுத்த வாரம். அந்த வருஷம் அவ்வளவுதான். ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் ஒரு கல்லூரி சீட் என்று அவன் அப்பா தறியில் உட்கார்ந்தபடி கட்டியிருந்த கனவும் அவ்வளவுதான்.

நெசவு தெரிந்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. பாவில் ஒரு பக்கம் இறுக்கம், ஒரு பக்கம் தளர்வு என்றால் புடவை சரியாக வராது, இழையும் அறும். முன்தொடையை மட்டும் வளர்த்துப் பின்தொடையை அப்படியே விட்ட காலும் அதே கதைதான்.

ஒரு பையன் கதை ஆதாரம் ஆகாது என்று நீங்கள் சொல்லலாம். நியாயம். டென்மார்க்கில் 50 அணிகள், 942 வீரர்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார்கள். 2011-இல் முடிவு வெளிவந்தது. பாதி அணிகள் வழக்கம்போல் பயிற்சி எடுத்தன. மீதிப் பாதி, வழக்கமான பயிற்சியோடு ஒரே ஒரு பயிற்சியைச் சேர்த்துக்கொண்டன. சேர்க்காத பக்கம் 52 பின்தொடைக் காயங்கள். சேர்த்த பக்கம் 15. அந்தப் பயிற்சிக்கு நார்டிக் என்று பெயர். காசு செலவில்லை. முழங்காலிட்டு நில்லுங்கள். கூட்டாளி பின்னால் உட்கார்ந்து இரண்டு கணுக்காலையும் அழுத்திப் பிடித்துக்கொள்ளட்டும். இடுப்பு மடங்காமல், முழங்காலிலிருந்து தலைவரை ஒரே பலகைபோல், முடிந்தவரை மெதுவாக முன்னால் சாயுங்கள். தாங்க முடியாத இடம் வந்ததும் இரண்டு கையையும் தரையில் ஊன்றி விழுங்கள். கையால் உந்தி மறுபடி எழுந்துகொள்ளுங்கள். முதல் வாரம் ஒரே நாள், ஐந்து ஐந்தாக இரண்டு தடவை போதும். மறுநாள் படி இறங்கும்போது தொடை வலிக்கும். பயப்பட வேண்டாம், இரண்டொரு வாரத்தில் பழகிவிடும். ஆட்டத்துக்கு முதல் நாள் மட்டும் செய்யாதீர்கள்.

இரண்டாவது தொடை இடுக்கு. பந்தைப் பக்கவாட்டில் உதைத்து உதைத்து, காலை அகட்டி அகட்டி, அங்கே ஒரு வலி வந்து உட்கார்ந்துவிடும். சீக்கிரம் போகாது. இதற்கு கோபன்ஹேகன் என்ற பயிற்சி. ஒருக்களித்துப் படுத்து முழங்கையை ஊன்ற வேண்டும். மேல் காலைக் கூட்டாளி இடுப்புயரத்தில் பிடித்துக்கொள்வான். அந்தக் காலை அழுத்தி உடம்பைத் தூக்கி, கீழ்க் காலை மேல் காலோடு சேர்த்து, மெல்ல இறங்க வேண்டும். நார்வேயில் 2019-இல் வெளிவந்த ஆய்வில் இதைச் செய்த அணிகளில் தொடை இடுக்குத் தொல்லை 41 சதவீதம் குறைவாக இருந்தது. இதற்கும் செலவு கிடையாது.

மூன்றாவது முழங்கால். இதைப் பற்றிப் பேசும்போது எனக்குக் குரல் கொஞ்சம் தாழ்ந்துவிடும். 2022 நவம்பரில் சென்னையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். 17 வயது கால்பந்து வீராங்கனை, கல்லூரி மாணவி. முழங்கால் லிகமென்ட் கிழிந்து அறுவை சிகிச்சை செய்தார்கள். அதற்குப் பின் காலை எடுக்க வேண்டியதாகி, கடைசியில் உயிரே போயிற்று. சிகிச்சையில் நடந்த கவனக்குறைவு அது என்று அரசே ஒப்புக்கொண்டது. பயிற்சி செய்திருந்தால் அந்தப் பெண் பிழைத்திருப்பாள் என்று நான் சொல்ல மாட்டேன். அது அந்தக் குடும்பத்துக்குச் செய்கிற அநியாயம். நான் சொல்வது வேறு. லிகமென்ட் கிழிவது ஒரு பெரிய விஷயம். சிகிச்சை நல்லபடி நடந்தாலும் மறுபடி ஆட ஒன்பது மாதமாவது ஆகும். நம் வீடுகளில் அந்தச் செலவையும் அந்தக் காத்திருப்பையும் தாங்குகிறவர்கள் குறைவு. அதனால் கிழியாமல் காப்பதற்கு என்ன வழியோ அதை எல்லாம் செய்துவிட வேண்டும்.

அதுவும் பெண் பிள்ளைகளுக்கு இது இன்னும் அவசியம். ஆண்களைவிட அவர்களுக்கு இந்த லிகமென்ட் காயம் இரண்டு, மூன்று மடங்கு அதிகம் வருகிறது. தமிழ்நாட்டுப் பெண்கள் 2018-லும் 2023-லும் தேசியச் சாம்பியன் ஆனவர்கள். அதைப் பார்த்துத்தான் இன்று நம் தெருப் பெண்கள் பூட்ஸ் வாங்கித் தரச் சொல்கிறார்கள். பூட்ஸோடு இதையும் கற்றுக்கொடுங்கள்.

இந்தக் காயம் பெரும்பாலும் மோதலில் வருவதில்லை. குதித்து இறங்கும்போதோ, சட்டென்று திரும்பும்போதோ முழங்கால் உள்பக்கம் மடங்கி வருகிறது. ஆகவே இறங்கப் பழக வேண்டும், ஒற்றைக் காலில் பாரம் தாங்கப் பழக வேண்டும். ஃபிஃபா கொடுத்திருக்கிற 'லெவன் பிளஸ்' என்ற வார்ம்-அப் இதற்காகவே வந்தது. மொத்தம் 15 பயிற்சிகள், 20 நிமிஷம். ஓட்டம், பிளாங்க், நார்டிக், ஒற்றைக்கால் நிற்றல், ஸ்குவாட், குதித்தல் எல்லாம் அதற்குள் உண்டு. நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1892 பேரை வைத்துச் சோதித்து 2008-இல் எழுதினார்கள். மொத்தக் காயம் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. கடுமையான காயம் ஏறக்குறைய பாதியாயிற்று. மைதானத்தை நான்கு சுற்று ஓடச் சொல்லிவிட்டு டீ குடிக்கப் போகிற பயிற்சியாளர்கள் இந்த இருபது நிமிஷத்துக்கு வழிவிட்டால் புண்ணியமாகப் போகும்.

இவையெல்லாம் பழகிய பிறகு எடைக்கு வரலாம். நான் தேர்ந்தெடுப்பவை மூன்றே மூன்று. ஒன்று, எடையை மார்போடு அணைத்துச் செய்யும் ஸ்குவாட். எடை முன்னால் இருப்பதால் முதுகு தானாக நிமிரும். முடியாவிட்டால் கீழே வைத்துவிடலாம், முதுகில் ஏறி அமுக்காது. இரண்டு, ஒரு காலை முன்வைத்து, பின்முழங்கால் தரையைத் தொடும் அளவு இறங்கி எழும் லஞ்ச். கையில் டம்பெல். மூன்று, முழங்காலை லேசாக மடித்து, முதுகை நேராக வைத்து, இடுப்பைப் பின்னால் தள்ளிக் குனிந்து எழும் டெட்லிஃப்ட் வகை. பின்தொடைக்கும் பிட்டத்துக்கும் இதைவிட நல்லது இல்லை. கூடவே குதிகாலைத் தூக்கி இறக்கும் பயிற்சி கெண்டைக்கால் சதைக்கு. மேலுடம்புக்கு நம் தண்டால் இருக்கிறது. தோளோடு தோள் உரசிப் பந்தை வாங்க அது போதும்.

ஜிம் இல்லையே என்று சொல்லாதீர்கள். வீட்டில் தண்ணீர் கேன் இருக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ. ஐந்து லிட்டர் ஊற்றினால் ஐந்து கிலோ, பத்து ஊற்றினால் பத்து. அணைத்துக்கொண்டு பஸ்கி போட்டால் போதும். இவ்வளவு துல்லியமாக எடை ஏற்றுகிற கருவி எந்த ஜிம்மிலும் இல்லை.

எவ்வளவு தூக்குவது? ஒழுங்கு கெடாமல் எட்டுப் பத்து தடவை செய்ய முடிகிற எடை. முடித்த பிறகு இன்னும் இரண்டு தடவை செய்யலாம் என்ற தெம்பு மிச்சம் இருக்க வேண்டும். "மொத்த பலத்தையும் போட்டு ஒரே ஒரு தடவை எவ்வளவு தூக்கறேன்னு பாக்கறேன்" என்கிற பந்தயம் பள்ளிப் பிள்ளைக்கு வேண்டவே வேண்டாம். அதனால் ஒரு கோல் கூட விழாது. வாரம் இரண்டு நாள், நாற்பது நிமிஷம். பன்னிரண்டு வயசுக்குள் இருப்பவர்களுக்குச் சொந்த உடம்பின் எடையே போதும்.

விட்டுவிட வேண்டியவை? கழுத்துக்குப் பின்னால் பார்பெல்லை இறக்கித் தூக்குவது. தோள்மூட்டுக்குத்தான் கெடுதல், காலுக்குப் பைசா பிரயோஜனம் இல்லை. பாரத்தைத் தோளில் வைத்துக்கொண்டு குனிந்து நிமிர்வதைப் புதிதாக வந்தவன் செய்யக்கூடாது. மெஷினில் உட்கார்ந்து காலை நீட்டுவது காயத்துக்குப் பிறகு பிசியோதெரபிஸ்ட் சொன்னால் சரி, அதையே முக்கியப் பயிற்சியாக வைக்கக் கூடாது. கைச்சதைக்காகக் கண்ணாடி முன் அரை மணி நேரம் நிற்பது பாவம் ஒன்றும் இல்லை. வயசு அப்படி. ஆனால் அது கல்யாண போட்டோவுக்கான பயிற்சி என்று தெரிந்து செய்யட்டும்.

ஜிம் வைத்திருக்கும் தம்பிகளுக்கும் ஒரு வார்த்தை. உங்களிடம் வருகிற பையனிடம் முதலில், "என்ன விளையாட்டு ஆடறே?" என்று கேளுங்கள். பாடி பில்டருக்குப் போடுகிற அதே அட்டவணையைக் கோல்கீப்பருக்கும் எழுதிக் கொடுக்காதீர்கள்.

பெற்றோர் செய்ய வேண்டியது இன்னும் சுலபம். ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்கிக் கொடுங்கள். பிள்ளை எத்தனை கிலோ தூக்கினான் என்று எழுத வேண்டாம். இன்று மைதானத்தில் ஆடினானா, வலி ஏதாவது உண்டா, இந்த இரண்டை மட்டும் தினமும் எழுதட்டும். வருஷக் கடைசியில் அந்த நோட்டைப் புரட்டினால் எடுத்த பயிற்சி சரியா தப்பா என்று உங்களுக்கே தெரிந்துவிடும். என்னைக் கோயில் வாசலில் நிறுத்திக் கேட்க வேண்டியிருக்காது. சும்மா பேச நிறுத்துவதாக இருந்தால், தாராளமாக நிறுத்தலாம்.